சூடான சிலிண்டரை அளந்த நாள்

எங்கள் கிளப்பின் இலகுரக பைக் பந்தயத்துக்குப் புதிய விதிப்புத்தகம் வந்ததிலிருந்து இளம் பரிசோதகர்கள் ஒரு விதியைப் பற்றித்தான் முணுமுணுக்கிறார்கள். பந்தயம் முடிந்து எஞ்சினைப் பிரித்தால், சிலிண்டர் ஆறும்வரை காத்திருந்துதான் அளக்கவேண்டும். அளக்கும்போது சிலிண்டரின் வெப்பநிலையைத் தாளில் எழுதி, பக்கத்திலேயே பைக்குக்குச் சொந்தக்காரரின் கையெழுத்தையும் வாங்கவேண்டும். மலேசியாவின் ஜொகூர் வெயிலில் அது இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். அதற்குள் மற்றவர்கள் எல்லாம் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டிருப்பார்கள்.

"அக்கா, யாரு இந்த ரூலைப் போட்டது?" என்று ஒரு பையன் என்னிடமே கேட்டான்.

"நான்தான்," என்றேன்.

கிளப் செயலாளர் வினோத் அதைக் கேட்டுவிட்டு, "பத்மாக்கா, இது ஏன் வந்துச்சுன்னு நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது," என்றார். நான் சொன்னாலும் நன்றாக இருக்கப்போவதில்லை. ஆனால் எழுதவேண்டியது நான்தான்.

பந்தய உலகத்துக்கும் எனக்கும் பிறப்பிலேயே சம்பந்தம் ஒன்றும் இல்லை. தொழிற்கல்வி முடித்து பத்தொன்பது வயதில் ஒரு அளவு ஆய்வகத்தில் சேர்ந்தேன். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் அளவுக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் இடம் அது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். எங்கள் அளக்கும் அறை வருடம் முழுக்க இருபது டிகிரியில் இருக்கும். உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பதால் உலகம் முழுக்க நீள அளவுகளுக்கு இருபது டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். ஈசூன் பேருந்து நிலையத்தில் மத்தியான வெயிலில் கம்பளிச் சட்டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நிற்கும் ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா எனக்கு ஏதோ நோய் என்றே பல வருடம் நினைத்திருந்தார்.

எனக்கு மேலதிகாரி மிஸ்டர் ஹோ. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரே மாதிரி இரண்டு பென்சில். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, பாராட்டியும் பார்த்ததில்லை. நாம் அளந்த தாளைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் எண்ணைப் பார்க்கமாட்டார். "வெப்பநிலை எவ்வளவு?" என்று கேட்பார். தாளிலேயே எழுதியிருக்கும். இருந்தாலும் வாயால் சொல்லவேண்டும். "இருபது புள்ளி ஒன்று" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அப்புறம்தான் எண்களுக்குப் போவார். சொல்லத் தடுமாறினால் தாளை ஒரு விரலால் நம் பக்கமாகத் தள்ளிவிடுவார். வேறு எதுவும் பேசமாட்டார். மறுபடியும் முதலிலிருந்து அளக்கவேண்டும். முதல் வருடம் அந்த விரலை நான் கனவில்கூடப் பார்த்தேன்.

இந்த மனிதருக்கு பைக் பந்தயப் பைத்தியம் உண்டு என்று சேர்ந்து ஏழெட்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. கிளப்பின் தொழில்நுட்பக் குழுவுக்கு அவர்தான் தலைவர். சிங்கப்பூரில் எங்களுக்கு ஓட்ட இடம் கிடையாது. பாலம் தாண்டி ஜொகூரில் உள்ள ஒரு தடத்தில்தான் பந்தயம். "ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?" என்று ஒருநாள் கேட்டார். "துணி துவைக்கணும்," என்றேன். "காலையில் துவைத்துவிடு," என்றார். அப்படித்தான் நான் பந்தயப் பரிசோதகர் ஆனேன்.

எங்கள் வகுப்பில் ஓடுவது கப்சாய். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கால் வைக்க முன்னால் இடைவெளி விட்ட, சிறிய, மெலிந்த மோட்டார் சைக்கிள். சாப்பாடு கொண்டு வருகிறவரும் ஓட்டுவார், பாதுகாவலரும் ஓட்டுவார். அதையே கொஞ்சம் மாற்றிப் பந்தயத்துக்கும் ஓட்டுவார்கள். 'ஸ்டாக் 150' என்ற வகுப்பில் எஞ்சினுக்குள் கை வைக்கக்கூடாது. கொள்ளளவு நூற்றைம்பது சிசியைத் தாண்டக்கூடாது. காசுக்காரன் எஞ்சினைப் பெருக்கி ஜெயிக்காமல், ஓட்டத் தெரிந்தவன் ஜெயிக்கட்டும் என்பதுதான் நோக்கம்.

எதிராளி யாராவது எழுத்தில் புகார் கொடுத்தால் எஞ்சினைப் பிரிப்போம். நாங்கள் ஸ்பானரைத் தொடமாட்டோம். பைக்கின் ஆள்தான் கழற்றவேண்டும், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். சிலிண்டரின் தலைப்பகுதி கழன்று வந்ததும் உள்ளே ஒட்டியிருக்கும் கரியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு ஆறவிடவேண்டும். பிறகு போர் கேஜ் என்ற கருவியை உள்ளே விட்டு துவாரத்தின் குறுக்களவை எடுப்போம். மேலே, நடுவில், கீழே. ஒவ்வோர் இடத்திலும் நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை. ஆறு எண்கள். அப்புறம் பிஸ்டன் கீழிருந்து மேலே எவ்வளவு தூரம் போகிறது என்ற அளவு. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் சிசி வந்துவிடும். தாளில் அந்த ஆறு கட்டங்களுக்கும் மேலே ஒரு தனிக் கட்டம்: வெப்பநிலை. அது மிஸ்டர் ஹோ சேர்த்தது. ஆனால் விதிப்புத்தகத்தில் அப்போது அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அவர் நினைத்திருப்பார்.

நான் சொல்லவந்த பந்தயம் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த வாரம்தான் மிஸ்டர் ஹோவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. முதல்முறையாக நான் தலைமைப் பரிசோதகராகப் போனேன். ஸ்டாக் 150-இல் தனபால் ஜெயித்தார். புக்கிட் மேராவில் இருக்கிறவர், மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை, அப்போது நாற்பதை ஒட்டிய வயது. ஏழு வருடமாக ஓட்டி, அதற்கு முன் ஒருமுறைகூட முதலாவதாக வந்ததில்லை. இரண்டாவதாக வந்தது செல்வத்தின் அணி. செல்வம் பைக் பட்டறை வைத்திருப்பவர். நியாயமான மனிதர்தான், ஆனால் தோற்றால் தாங்கமாட்டார். கடைசி நேர் பாதையில் தனபாலின் பைக் தன் அணியின் ரைடரை முந்திக்கொண்டு போன விதத்தைப் பார்த்துவிட்டு நேரே வந்து புகார் எழுதிக் கொடுத்தார்.

தனபால் சிரித்துக்கொண்டே கழற்றினார். "பிரிங்க பிரிங்க, நல்லா பாத்துக்குங்க," என்று செல்வத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கழற்றினார். அவருக்குப் பயமே இல்லை.

அப்போது தடத்தின் மேலாளர் வந்தார். ஐந்து மணிக்கு வாசலை மூடவேண்டும், அடுத்த நாளுக்கு வேறு யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்றார். லாரிக்காரர்கள் சுங்கச் சாவடியில் நெரிசல் ஏறுகிறது என்று போன் போட்டுப் போட்டுச் சொன்னார்கள். பரிசு கொடுக்க மேசை போட்டு, எல்லோரும் நாற்காலியில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைச் சுற்றி இருபது ஆண்கள். முதல்முறையாகப் பொறுப்பில் இருக்கும் ஒரு பெண் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாள் என்று அவர்கள் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் அப்படி நினைத்தார்களா தெரியாது. பந்தயம் முடிந்து நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. கேஜை எடுத்தேன்.

தனபால் சிலிண்டரின் மேல் கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

"அக்கா, இன்னும் சுடுது லா. கொஞ்சம் ஆறட்டுமே."

"கேஜ் பொய் சொல்லாது," என்றேன்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆறு எண்களின் சராசரி ஐம்பத்தேழு புள்ளி சுழியம் ஏழு மில்லிமீட்டர். கணக்குப் போட்டேன். நூற்றைம்பது புள்ளி ஒன்று ஐந்து சிசி. எல்லை நூற்றைம்பது. விதியில் சலுகை எதுவும் கிடையாது. மறுபடியும் கணக்குப் போட்டேன், அதேதான். "எல்லை தாண்டியிருக்கு," என்று சொன்னேன். தனபால் தாளை வாங்கிப் பார்த்தார். எண்களைத் தொட்டுத் தொட்டு வாய்க்குள் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. புரியாமல் பார்த்தார். செல்வத்தின் ரைடருக்குக் கோப்பை போனது. தனபாலுக்கு ஒரு பருவம் தடை.

மறுநாள் திங்கட்கிழமை. ஆய்வகத்தில் அளக்கும் அறைக் கதவைத் திறந்தேன். அந்த இருபது டிகிரிக் குளிர் முகத்தில் பட்டதும் முந்தின நாள் சிலிண்டர் நினைவுக்கு வந்தது. கம்பளிச் சட்டையைப் போடாமலே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கையை இரண்டு நொடி வைக்க முடியாத சூடு என்றால் அறுபது டிகிரிக்கு மேல். அந்த அலுமினிய சிலிண்டர் அந்தச் சூட்டில் அரை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விரியும். கண்ணால் பார்க்கமுடியாது. ஆனால் ஆறிய நிலைக்குத் திருப்பிக் கணக்குப் போட்டால் நூற்று நாற்பத்தொன்பது புள்ளி எட்டு ஒன்பது. தனபாலின் எஞ்சின் சரியானது.

உடனே போனை எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. சூடு எவ்வளவு என்று நான் அளக்கவில்லையே, அறுபது என்பது ஊகம்தானே, ஒருவேளை உண்மையிலேயே தாண்டியிருந்தால் என்று எனக்கு நானே வாதாடினேன். அதற்குள் அவருடைய மேல்முறையீட்டுக் கடிதம் வந்துவிட்டது. அழகாக எழுதத் தெரியாதவர். 'எஞ்சின் சூடாக இருக்கும்போது அளந்தார்கள்' என்று ஒரே ஒரு காரணம். குழு என் தாளைக் கேட்டது.

தாளை எடுத்துப் பார்த்தேன். வெப்பநிலைக் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து '30' என்று எழுதினேன்.

இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. காலியாகவே விட்டிருந்தால் மேல்முறையீட்டில் தனபால் ஜெயித்திருப்பார். எனக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு மிஸ்டர் ஹோ வேலைக்குத் திரும்பினார். தாளைக் கொண்டுபோய் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். மற்ற எண்கள் நீல மையில். அந்த முப்பது மட்டும் கறுப்பு.

"வெப்பநிலை எவ்வளவு?"

"முப்பது."

விரல் தாளின் ஓரத்தில் இருந்தது. தள்ளவில்லை. பென்சிலை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தனபாலுக்கு இரண்டு வரியில் பதில் போனது: அளவு முறைப்படி எடுக்கப்பட்டது, முறையீடு நிராகரிக்கப்படுகிறது.

அன்றைக்கு அப்புறம் மிஸ்டர் ஹோ ஓய்வு பெறும்வரை நாலு வருடம் என்னோடு வேலை பார்த்தார். தினமும் காலையில் வணக்கம் சொல்வார். என் அம்மா இறந்தபோது வீட்டுக்கு வந்தார். ஆனால் என் தாள்களைப் பார்த்து வெப்பநிலை எவ்வளவு என்று ஒருநாள்கூட அவர் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவளிடம் கேட்பார். நேற்றுச் சேர்ந்தவனிடம் கேட்பார். என் தாளை வாங்கி வெறுமனே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதைத் தாங்குவது எனக்கு அந்த விரலைவிடக் கஷ்டமாக இருந்தது.

தனபால் தடைக்காலம் முடிந்தும் திரும்பவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகும் கிளப்பின் பரிசோதகர் பட்டியலில் இருந்தேன். போன வருடம் விதிகளை மாற்றி எழுதப்போகிறோம், வாருங்கள் என்று வினோத் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கெர்போ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடி. கீழே பூமாலை கட்டுகிறார்கள், மாடி வரைக்கும் மல்லிகை வாசனை. மேசையைச் சுற்றி ஏழு பேர், எல்லோர் முன்னாலும் பிளாஸ்டிக் பையில் தே ஓ, ஐஸ் போட்ட பாலில்லாத டீ.

முதல் சண்டை எல்லையைப் பற்றி. கப்சாய்கள் பழசாகிவிட்டன, சிலிண்டர் தேய்ந்தால் துவாரத்தைக் கொஞ்சம் கடைந்து கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் நூற்றைம்பத்தொன்று புள்ளி ஒன்று ஆகிவிடுகிறது. புது சிலிண்டர் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட பைக்குகளை விடலாமா, கூடாதா?

"ஒரு சிசி விட்டா அடுத்த வருஷம் ரெண்டு கேப்பான்," என்றார் செல்வம். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே.

"அண்ணே, விடலன்னா ஓட்டறதுக்கு ஆளே இருக்காது. பணம் இருக்கறவன் மட்டும்தான் வருவான். அதுக்கு ஸ்டாக் கிளாஸ்னு ஏன் பேர் வெக்கணும்?" என்றார் வினோத்.

ஒரு மணி நேரம் இழுத்தது. கடைசியில் பழைய எஞ்சின்களுக்கு மட்டும் நூற்றைம்பத்திரண்டு வரை விடலாம் என்று முடிவானது. செல்வமும் கையைத் தூக்கினார், அரை மனதோடு.

அடுத்தது யார் ஓட்டலாம் என்ற பகுதி. வினோத் வாசித்தார்: "எஞ்சின் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் ஸ்டாக் வகுப்பில் ஆயுள் முழுக்கக் கலந்துகொள்ள முடியாது."

"கரெக்ட். சலுகை கொடுத்தாச்சு, அப்போ ஏமாத்தறவனுக்கு கதவ மூடிடணும்," என்றார் செல்வம்.

"இது பழைய ஆளுங்களுக்கும் பொருந்துமா?" என்று யாரோ கேட்டார்கள்.

வினோத் பட்டியலைப் புரட்டினார். "பழைய ஆளு ஒருத்தர்தான் இருக்காரு. தனபால். இந்த வருஷம் விண்ணப்பம் போட்டிருக்காரு. அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குன்னு பிரிவு வருதுன்னு கேள்விப்பட்டு."

எனக்கு முன்னால் இருந்த தே ஓவில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் அடுத்த விதிக்குப் போய்விடுவார்கள். இதையும் நினைத்தேன், மறைக்கவில்லை.

"அவரு ஏமாத்தல," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் அளந்தப்போ சிலிண்டர் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவர் சொன்னாரு, நான் கேக்கல. மறுநாளே கணக்குப் போட்டுப் பாத்தேன். எல்லைக்குள்ளதான் இருந்துச்சு. அப்பீல் வந்தப்போ வெப்பநிலை முப்பதுன்னு நானா எழுதிட்டேன். அளக்கவே இல்ல."

வினோத் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செல்வம்தான் முதலில் பேசினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்தக் கப்பு என் பட்டறையில பதினோரு வருஷமா நிக்குது, பத்மாக்கா. வரவங்க எல்லார்கிட்டயும் காட்டியிருக்கேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் டீ குடிக்க வருவீங்களா?"

அவருடைய பட்டறைக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கோப்பைக்கு முதுகு காட்டி உட்காருவேன்.

என்னைக் கீழே போய் இருக்கச் சொன்னார்கள். கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில், பூக்கடை ஓரமாக நின்றேன். கிராஞ்சி விடுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் கூட்டம் கூட்டமாகத் தேக்கா சந்தைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வினோத் இறங்கி வந்தார். தனபால் மீதான தீர்ப்பு ரத்து. ஆயுள் தடை விதி வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். பரிசோதகர் பட்டியலில் இனி என் பெயர் இருக்காது.

"இன்னொண்ணு. வெப்பநிலை ரூலை நீங்கதான் எழுதித் தரணும்னு செல்வம் அண்ணன் சொல்றாரு. 'எப்படி ஏமாத்தலாம்னு அவங்களுக்குத்தான் தெரியும்'னாரு. மன்னிச்சுக்குங்கக்கா, அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும் என்பதை அதனால்தான் சேர்த்தேன்.

தனபாலுக்குக் கடிதம் அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கு முன்னால் நான் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வருகிறேன் என்று போன் செய்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் புக்கிட் மேராவுக்குப் போனேன். அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசையில் எனக்காகக் காத்திருந்தார். கொஞ்சம் குண்டாகியிருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்கக்கா, உக்காருங்க. டீ சொல்லவா?"

உட்காராமலே சொல்லிவிட்டேன். சிலிண்டர் சரியாக இருந்தது, என்னால்தான் தப்பு நடந்தது என்று.

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்கா," என்றார்.

"எப்படி?"

"அந்த வாரமே காக்கி புக்கிட்ல ஒரு லேத் பட்டறையில கொடுத்து அளந்துட்டேன். ராத்திரி முழுக்க ஏசில வெச்சுட்டு அப்புறம் அளந்தாங்க. உள்ளதான் இருந்துச்சு. ஆனா தடத்துல பிரிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நானா எடுத்த அளவ யார் ஏத்துப்பா? அதான் விட்டுட்டேன்." கையால் மேசையைத் துடைத்தார். "நீங்க வருத்தப்படாதீங்க. அவசரத்துல செஞ்சிட்டீங்க. நீங்க ஏதோ ஆபீஸ் வேலைல இருக்கறவங்கன்னு சொன்னாங்க. சூட்டுல இவ்வளவு மாறும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? என் சம்சாரம்கூட ஒரு தடவ கேட்டா, நெஜமாவே நீங்க ஒண்ணும் பண்ணலயான்னு. பாவம், ஆளுங்க பேசறதக் கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம். அப்போகூட நான் சொன்னேன், அந்த அக்கா நல்லவங்க, தெரியாம செஞ்சிட்டாங்கன்னு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் எனக்கு ஒரு வழி விட்டிருந்தார். கைகூப்பிவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறியிருக்கலாம்.

"தனபால், என் வேலையே அதுதான். வெப்பநிலை பாத்து அளக்கற வேலை. அப்பவே முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மறுநாள் காலையிலயே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. அப்புறம்தான் தாள்ல முப்பதுன்னு எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் வைத்தார்.

"மறுநாளேவா?"

"மறுநாளே."

"நான் லெட்டர் போட்டப்போ தெரியும்?"

"தெரியும்."

மின்தூக்கி வந்து கதவு திறந்து, யாரும் இறங்காமல் மூடிக்கொண்டது. அவர் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார், கதவு சரியாக மூடுகிறதா என்று. அப்புறம் சொன்னார்:

"தப்பு நடந்துச்சுன்னா தாங்கிக்கலாம்கா. பதினோரு வருஷம் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வராம இருந்திருந்தா அப்படியே இருந்திருப்பேன்."

பாரத்தை இறக்கி வைக்கத்தான் வந்தேன் என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. இறக்கிவிட்டேன், அவர் தலைமேல். மன்னிப்புக் கேட்டேன். "சரிக்கா, நீங்க போங்க," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். டீயைப் பற்றி மறுபடியும் கேட்கவில்லை.

அவர் பந்தயத்துக்கு வருவாரா மாட்டாரா என்று வினோத்துக்கே சந்தேகம். கோப்பையைக் கொண்டுபோன செல்வத்திடம், "இது இப்போ எதுக்கு?" என்று கேட்டு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாராம். செல்வம் அதை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஆனால் விண்ணப்பத்தை மட்டும் தனபால் திரும்பப் பெறவில்லை.

பந்தய நாளில் நான் பாலம் தாண்டவில்லை. ஈசூன் வீட்டில் இருந்தேன். பேரன் பள்ளிக்கூடப் பாடத்துக்கு ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தான், நான் அவனுக்குக் கோடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு மேல் வினோத் போன் செய்தார்.

"தனபால் அண்ணன் நாலாவதா வந்தாருக்கா."

"நல்லது. எஞ்சின் பிரிச்சீங்களா?"

"புது ரூல்படி மொதல் மூணு பேரோடதுதான் பிரிக்கணும். ஆனா அவரு வந்து என்னுதையும் பிரிங்கன்னு நின்னுட்டாரு. வேண்டாம்ணே, உங்க மேல புகார் ஒண்ணும் இல்லன்னு சொன்னோம், கேக்கல. அதே பழைய சிலிண்டராம்கா, இவ்வளவு வருஷம் துணி சுத்தி வெச்சிருந்தாராம். ரெண்டு மணி நேரம் ஆறவிட்டோம். பக்கத்துலயே உக்காந்துகிட்டு இருந்தாரு."

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

வினோத் தாளைப் பார்த்து வாசித்தார். "வெப்பநிலை முப்பத்தொண்ணு. நூத்தி நாப்பத்தொம்பது புள்ளி ஒன்பது. கையெழுத்துப் போட்டுட்டாரு." தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. "தாளோட நகல் ரெண்டு கேட்டாருக்கா. ஒண்ண அவரு வெச்சுக்கிட்டாரு. இன்னொண்ண உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாரு."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"இல்லக்கா. அவ்வளவுதான்."